அண்ணி தனக்குத்தானே கட்டிக்கொண்ட பரிசு

என் அண்ணன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக என் வாயிலிருந்து இந்த வார்த்தை வராது. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், குரல் உயர்த்திப் பேசமாட்டான். ஒரு கல்லைக் கட்டி வைத்திருந்தாலும் அதோடு மனஸ்தாபம் இல்லாமல் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருப்பான். கல்லுக்கும் மனுஷிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் என் புகார்.

நான் சொல்ல வந்தது அந்த மனுஷியைப் பற்றி. என் அண்ணி. நாத்தனார் என்று பேரே தவிர, எங்கள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நேரில் 'வாங்க போங்க' என்பேன், முதுகுக்குப் பின்னால் 'அவள் இவள்'தான். அது அவளுக்கும் தெரியும், ஒன்றும் சொல்லமாட்டாள். என் கல்யாணம் ஒன்று நடந்தது, முறிந்தும் போனது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். சாப்பாடு கீழே.

நாங்கள் இருவரும் ஒரே கடையில் வேலை பார்க்கிறோம். ஊசி முதல் ஊஞ்சல் வரை விற்கிற பெரிய மாடிக் கடை. அண்ணி மேல் மாடியில், பரிசுப் பொருளுக்குக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுக்கும் கவுண்டரில். நான் கீழே, வாங்கின சாமான் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களோடு மல்லுக்கட்டும் கவுண்டரில். அவள் மேலே கட்டி அனுப்புவாள், நான் கீழே பிரித்துப் போட்டுக் காரணம் கேட்பேன். கடையில் அவளுக்கு ரிப்பன் அக்கா என்று பெயர். எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

வருஷக் கடைசி விடுமுறை நெருங்கினால் எங்கள் கடையில் மனுஷன் நிற்க முடியாது. யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு பெட்டி, முகத்தில் ஒரு பயம். மாமியாருக்கு என்ன வாங்குவது, மேலதிகாரிக்கு என்ன வாங்குவது, கோபித்துக்கொண்டு போன தம்பிக்கு என்ன வாங்குவது. ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் வரிசையில் வந்து நிற்பார்கள். அண்ணி நிமிராமலே கையை நீட்டி, "யாருக்குங்க?" என்பாள். அடுத்த கேள்வி, "அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" காகிதத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் கேட்பது. ஆனால் பாதிப் பேருக்கு அங்கேயே முழி பிதுங்கிவிடும்.

ஒருமுறை ஒருவர் அம்மாவுக்கென்று வாசனைத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தார். என்ன பிடிக்கும் என்றதற்கு, "அவங்களுக்கா, எல்லாமே பிடிக்கும்" என்றார். அண்ணி காகிதத்தை எடுக்கவில்லை. "சாயங்காலத்துல என்ன பண்ணிட்டிருப்பாங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "ரேடியோ கேப்பாங்க. காதுகிட்ட வச்சு" என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. தைலத்தைக் கீழே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, சத்தமாகப் பாடுகிற ரேடியோ ஒன்று வாங்கிப் போனார். என்னை அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணி கட்டி அனுப்பியது என் கவுண்டருக்குத் திரும்பி வருவதெல்லாம் ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்தான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்ன ஆள் என் கையில் கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வைப்பேன்.

ஏனென்றால் வீட்டிலும் அண்ணிக்கு அதே உத்தியோகம்தான். விடுமுறையின் முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் பையன் சின்னவனாக இருந்தபோது ஆரம்பித்தது. ஒருவர் பிரிக்கும்போது மற்றவர்கள் பார்க்க வேண்டும், அப்புறம் அடுத்தவர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா மகனுக்குக் கொடுப்பதையும் அண்ணிதான் வாங்க வேண்டும், மகன் அப்பாவுக்குக் கொடுப்பதையும் அண்ணிதான் வாங்க வேண்டும். 'அப்பாவுக்கு, அன்புடன் மகன்.' 'மகனுக்கு, அன்புடன் அப்பா.' அன்பு யாருடையதோ, கையெழுத்தெல்லாம் ஒரே ஆளுடையது. எனக்கும் அண்ணிக்கும் நடுவில் மட்டும் ஒரு ஒப்பந்தம் உண்டு: நமக்குள் பரிசே வேண்டாம். பொட்டலத்தைப் பார்த்தாலே குமட்டுகிற தொழில் எங்களுடையது.

இதற்கெல்லாம் சிகரம், அண்ணன் அண்ணிக்குக் கொடுக்கிற பரிசு.

அந்த வழக்கம் ஆரம்பித்த முதல் வருஷம் அண்ணன் தானாகவே போய் அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தான். அதில் இன்னொரு காலும் போகும். அண்ணி சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் பெருசுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்போது அவள் கடையில் சேரவில்லை, நான் சேர்ந்திருந்தேன். என் கவுண்டரில்தான் அளவு மாற்றிக் கொடுத்தேன். அண்ணன் முகம் செத்துவிட்டது. அடுத்த வருஷம், "உனக்கு எது சரியா இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். நீயே பாத்து வாங்கி, கட்டியும் வச்சிடு" என்றான். சரி, ஒரு வருஷத்துக்குத்தானே என்று அவளும் செய்தாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகப் போயிற்று. அன்றிலிருந்து வருஷா வருஷம் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கி, தானே கட்டி, 'என்றும் அன்புடன், எல்லோரும்' என்று தானே எழுதி, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து தானே பிரித்து, கண்ணை அகல விரித்து, "அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று தானே கேட்பாள். அதற்கு அண்ணன் சொல்கிற பதில் இருக்கிறதே, "பாத்துப் பாத்து வாங்கினேன்." எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறும்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவன். நாள் முழுக்க ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பாத்து, பாத்து" என்று சொல்வதுதான் வேலை. அங்கே பக்கத்தில் இருக்கிற ஆளின் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவான். வீட்டில் பக்கத்தில் இருக்கிறவளின் கால் வீங்கியிருப்பது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

இந்த வருஷம் வீட்டுக்கு மருமகள் வந்திருந்தாள். பையன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான், அவள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்கிறாள். நல்ல பெண், கொஞ்சம் வெகுளி. பையன் அம்மாவிடம் வந்து, "அம்மா, அவளுக்கு என்ன வாங்குறதுன்னே தெரியல. நீயே பாத்து ஒண்ணு வாங்கிடேன்" என்றபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பனைப் போலவே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மருமகள் வேலை செய்யும்போது குளிருக்குத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதை அண்ணி முன்னமே பார்த்து வைத்திருந்தாள். மெத்தென்று ஒரு சால்வை வாங்கினாள்.

விடுமுறைக்கு முன் கடையின் கடைசி வேலை நாள். கூட்டம் வடிந்ததும் நான் மேலே போனேன். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து இன்னொரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தாள். கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை. ரிப்பனைக் கத்தரியின் முதுகில் இழுத்து இழுத்துச் சுருட்டியதில் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. வீட்டுக்குக் கட்டினவை எல்லாம் பையில் தயாராக இருந்தன. நான் பையைக் கிளறிப் பார்த்தேன்.

"உங்களோடது எங்க அண்ணி?"

"எது?"

"அண்ணன் உங்களுக்குக் குடுக்கப் போறது."

"வாங்கல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. முடியல." காலைக் கீழே இறக்கினாள். "கீழ போய், பையா செருப்பான்னு பாத்து, எனக்குப் பிடிச்சிருக்கான்னு யோசிச்சு, பில் போட்டு, திரும்ப மேல வந்து கட்டணும். அதைக்கூடச் செஞ்சிடலாம். நாளைக்கு அங்க உக்காந்து ஆச்சரியப்படணுமே, அதுதான் முடியல."

எனக்கே அது புதிதாக இருந்தது.

"இந்தத் தடவை நான் வாங்கப் போறதில்ல. அந்த வீட்டுல யாருக்காவது தோணுதான்னு பாக்கணும்."

"தோணலைன்னா?"

"தோணலைன்னா தோணல. ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அண்ணன் காதுல லேசாப் போட்டு வைக்கட்டுமா?"

"நீ சொல்லி அவர் வாங்கினா அது நீ வாங்கினது. வாயை மூடிட்டு இரு. ஒரே ஒரு நாள்."

வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு என்ன பாடு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

மறுநாள் காலை, விடுமுறையின் முதல் நாள். அண்ணி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"எல்லாம் கட்டியாச்சா?"

"ஆச்சு."

"நான் உனக்குக் குடுக்கிறது?"

அண்ணி உரிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "அதையும் கட்டணுமா?" என்று கேட்டாள்.

"பின்ன? புதுசா மருமக வந்திருக்கா. மாமா அத்தைக்கு ஒண்ணுமே வாங்கலைன்னு நினைச்சுக்கப் போறா. நல்லதா ஒண்ணு வச்சிடும்மா."

சொல்லிவிட்டு, கொஞ்சம் வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். என் கையில் கத்தி இருந்தது, அவன் நேரம் நல்ல நேரம். அண்ணி என்னைப் பார்க்காமல், "வெங்காயம் காரம்" என்று சொல்லிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரமில்லாத வெங்காயம் அது.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. அறையில் இருந்த பொட்டலங்களை ஹால் மேஜைக்கு எடுத்து வந்து வைப்பது என் வேலை. செருப்புப் பெட்டி அளவில் ஒன்றைத் தூக்கினேன். கனமே இல்லை. அடியைத் திருப்பிப் பார்த்தேன். காகிதத்தின் மேல் கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

இது எங்கள் கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கடை முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்களே பரிசுப் பெட்டிகள், அதெல்லாம் வெறும் பெட்டிகள். டம்மி என்போம். விடுமுறைக் காலம் ஆரம்பிக்கும் முன்பே அண்ணி உட்கார்ந்து அவற்றைக் கட்டித் தள்ளுவாள். தவறிப்போய் யாரும் விற்றுவிடக் கூடாது என்று அடியில் பெருக்கல் குறி போட்டு வைப்பார்கள். பழசானவற்றை, நூல்கண்டு பட்டன் போட்டு வைக்க ஆகும் என்று அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்திருந்தாள். அதில் ஒன்றைத்தான் எடுத்திருக்கிறாள். மேலே புதிதாக ஓர் அட்டை: 'என்றும் அன்புடன், எல்லோரும்.'

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். டீ போட்டுக்கொண்டிருந்த அண்ணி, வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள். நான் பெட்டியை மற்றதோடு சேர்த்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் அண்ணன் பிரித்தான். காரில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்பவனுக்கு முதுகுக்கு வைத்துக்கொள்ளும் திண்டு, மகன் பெயரில். "எப்படிடா தெரியும்?" என்றான். "தெரியும்ப்பா" என்றான் மகன், கூச்சமே இல்லாமல். மகனுக்கு அப்பா பெயரில் ஒரு மழைக்கோட்டு வந்தது. அப்புறம் மருமகள் பிரித்தாள். சால்வையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், தோளில் போட்டுக்கொண்டாள், கண்ணெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது.

"ரொம்ப நன்றிங்க. எனக்குக் குளிர்றது எப்படிங்க தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பாத்துட்டே இருந்தேன்ல" என்றான் அவன்.

ஒரே அச்சு. எனக்கு அந்தச் சால்வையை வைத்தே அவன் கழுத்தைச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

கடைசியாக அண்ணி. எப்போதும் அவள்தான் கடைசி, எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுத்தான் வந்து உட்காருவாள். தொழில் பழக்கம், காகிதத்தைக் கிழிக்காமல் ஒட்டு நாடாவை நீக்கி நீக்கிப் பிரித்தாள், மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். வருஷா வருஷம் காட்டுகிற அதே முகத்தைக் காட்ட முயற்சி செய்தாள். பாதிதான் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

அண்ணன் டீயை உறிஞ்சியபடியே, "பிடிச்சிருக்கா? பாத்துப் பாத்து வாங்கினேன்" என்றான். பெட்டி இருந்த பக்கம் அவன் கண் போகவே இல்லை. மகன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "சூப்பர்ப்பா" என்றான்.

அண்ணி மூடியைப் போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அத்தோடு பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்திருப்பாள், அடுத்த வருஷம் மறுபடி செருப்போ பையோ வாங்கியிருப்பாள். ஆனால் மருமகள் புதுசு. எங்கள் வீட்டு நாடகத்தில் யாருக்கு என்ன வசனம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என்ன அத்தை அது, காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுங்க அத்தை." கையை நீட்டி வாங்கித் திறந்தாள். உள்ளே பார்த்தாள். கையை விட்டுத் துழாவினாள். "இதுல ஒண்ணுமே இல்லியே. மாமா, நீங்க என்ன வாங்கினீங்க? எங்கயாவது விழுந்திடுச்சா?"

அண்ணன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தான். அங்கே எதுவும் இல்லை என்றதும் நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்கிற அதே குரலில் அண்ணியைக் கேட்டான்.

"நான் உனக்கு என்ன வாங்கினேன்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவன் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

அண்ணி கோபப்படவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்வது மாதிரி சொன்னாள். "நீங்க ஒண்ணும் வாங்கலங்க. இந்தத் தடவை நானும் வாங்கல. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு, கொஞ்சம் படுத்துக்கிறேன்." மடியில் இருந்த காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மருமகள் சால்வையின் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "அத்தைக்கு நாம தனியா ஏதாவது வாங்கலாம்னு நான் கேட்டேன். அப்பா வாங்கிடுவார், வேணாம்னு சொன்னீங்க. இது யாரு வாங்கினது?" அவன் அணைந்துபோன கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது அத்தை எனக்கு வாங்கினது. நான் போட்டுக்குவேன். உங்களுக்கு நன்றி சொன்னேன்ல, அதை மட்டும் திருப்பிக் குடுங்க" என்றாள். என் கவுண்டரில் இத்தனை காலத்தில் யாரும் அப்படி ஒன்றைத் திருப்பிக் கேட்டதில்லை.

அன்று அண்ணி சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பாத்திரங்களை மகன் கழுவினான், பாதி எண்ணெயோடு. அண்ணன் அந்த வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திட்டலாம் என்று பக்கத்தில் போனேன். எப்போதும் எருமை மாட்டின் மேல் மழை பெய்தது மாதிரி இருப்பவன், அன்று முகத்தைப் பார்த்தால் திட்ட வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

கடை மறுபடி திறந்த அன்று என் கவுண்டரில் வழக்கம்போல் ஊரே திரண்டு வந்திருந்தது. சின்னதாகிப்போன சட்டைகள், ஒரே மாதிரி வந்து சேர்ந்த சுவர்க்கடிகாரங்கள். மத்தியானத்துக்கு மேல் பார்த்தால், கார் பயிற்சிப் பள்ளியின் சட்டையோடு அண்ணன் நிற்கிறான். கையில் ஒன்றும் இல்லை.

"அண்ணிக்கு என்ன பிடிக்கும்?" என்றான்.

"வெக்கமா இல்லியா அண்ணா உனக்கு? இத்தனை வருஷம் கூட இருந்திட்டு என்கிட்ட வந்து கேக்கற?"

"திட்டு. திட்டிட்டு அப்புறம் சொல்லு."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். என்ன நிறம்? கடையில் கடைச் சட்டை, வீட்டில் வெளுத்துப்போன பழசு. டீ பிடிக்குமா? எல்லாரும் குடித்தது போக மிச்சத்தைக் குடிப்பாள். சர்க்கரை போட்டா, போடாமலா? டிவியில் மற்றவர்கள் பார்ப்பதைத்தான் பார்ப்பாள். எனக்குத் தலைவலி வந்தால் எந்த மருந்து கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தலைவலி வருமா வராதா என்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அண்ணனைத் திட்டின திட்டெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

"மேல போ. வரிசையில நின்னு அவங்ககிட்டயே கேளு" என்று மட்டும் சொன்னேன். கவுண்டரைப் பக்கத்தில் இருந்தவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் பின்னால் போனேன்.

மேலே வரிசை படி வரைக்கும் நின்றது. விடுமுறைக்கு முன்னால் வாங்க மறந்தவர்கள் எல்லாம் இப்போதுதான் விழித்துக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பெட்டி, அண்ணன் மட்டும் வெறுங்கையோடு நின்றான். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவன் முறை வந்தபோது அண்ணி நிமிரவில்லை. ஒரு கையில் ஒட்டு நாடா தொங்க, இன்னொரு கையை நீட்டினாள்.

"யாருக்குங்க?"

"உனக்கு."

அண்ணி நிமிர்ந்தாள். "என்ன கொண்டுவந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டுவரல. உனக்கு என்ன பிடிக்கும்னு கேக்க வந்தேன்."

பின்னால் நின்ற ஒரு அம்மாள், "சீக்கிரம் சார், எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு" என்றாள். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. யோசித்தாள். முன்பின் தெரியாத ஆளின் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இரண்டே கேள்வியில் கண்டுபிடிக்கிறவள், அங்கே நின்று அவ்வளவு நேரம் யோசித்தாள். விரலில் தொங்கிய நாடா தானாகவே சுருண்டு ஒட்டிக்கொண்டது.

"தெரியலங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நிஜமாவே தெரியல. யாரும் கேட்டதில்லியா, நானும் யோசிச்சுப் பாக்கல. யோசிச்சுச் சொல்றேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அண்ணன் தள்ளி நின்றான். ரிப்பன் உருளைகளுக்குப் பக்கத்தில், போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக, கடை அடைக்கிற வரைக்கும் நின்றான். பள்ளியிலிருந்து வந்த ஒரு போனையும் எடுக்கவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து பஸ் ஏறினோம். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அண்ணி, பக்கத்தில் அண்ணன், பின் இருக்கையில் நான்.

"யோசிச்சியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லங்க" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிட்டது. தலை முதலில் ஜன்னல் பக்கம் சாய்ந்தது, ஒரு திருப்பத்தில் இந்தப் பக்கம் சரிந்து அண்ணன் தோளில் வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கிடந்த கையில் அந்தப் பிளந்த நகம் தெரிந்தது. அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஏறினால் ஓட்டுநரைக் குறை சொல்லாமல் அவனால் வர முடியாது. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு தடவை பஸ் பிரேக் போட வேண்டிய நேரத்திலும், அவன் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தது, அவள் தலை குலுங்கிவிடக் கூடாதே என்று.

எங்கள் நிறுத்தம் வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணா, நம்ம ஸ்டாப்."

அவன் தோளை அசைக்காமல் கையை மட்டும் தூக்கி, இரு என்றான். "தூங்கறா."

"போயிடும் அண்ணா."

"போகட்டும். கடைசி வரைக்கும் போய் இதே பஸ்ல திரும்பிடலாம்."

எனக்குக் கால் கடுத்தது. பசித்தது. மாடிக்குப் போய் அப்படியே விழுந்தால் போதும் என்றிருந்தது. மணிக்கயிறு என் தலைக்கு நேர் மேலேதான் தொங்கியது. நான் அதை இழுக்காமல் மறுபடி உட்கார்ந்தேன்.